கைநாட்டு வைத்த என்.ஆர்.ஐ.

துபாய்க்குப் போய் பதினொரு வருடம் ஆகிறது. ஊருக்கு வந்தால் மாமியார் வீடு, குலதெய்வக் கோயில், இரண்டு கல்யாணம், ஒரு துக்கம் விசாரிப்பு, அதோடு லீவு முடிந்துவிடும். ஆபீஸ் படி ஏறுகிற வேலையே வைத்துக்கொண்டதில்லை. போன டிசம்பரில் வந்த முப்பது நாளும் பேங்க், ஆஸ்பத்திரி, இன்ஷூரன்ஸ் டெஸ்க், மறுபடி பேங்க் என்றே போனது. என்னை மாதிரி விசாவில் வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் லீவுக்குக் கிளம்பும்முன் ஒரு தடவை இதைப் படித்துவிடுவது நல்லது.

திருச்சி ஏர்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. புது டெர்மினலில் ஸ்ரீரங்கத்துக் கோபுரச் சாயலும் சுவர் நிறைய வண்ணமுமாக இருக்கிறது, பெட்டியும் சீக்கிரம் வந்தது. பிரச்சினை கும்பகோணத்தில் நான் காலேஜ் படிக்கும்போது கணக்கு ஆரம்பித்த பேங்கில்தான் தொடங்கியது. கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்த குறுஞ்செய்திகளை ஒரு வருடமாக நான் கண்டுகொள்ளவில்லை. சரி, நேரில் போய் முடித்துவிடலாம் என்று போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "சார், நீங்க என்.ஆர்.ஐ. ஆச்சே, இது சாதாரண எஸ்.பி. அக்கவுன்ட்டாவே கிடக்கே?" என்றார். ஏதோ அடுத்தவன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

அவர் சொன்னது சரிதான். வெளிநாட்டு வேலைக்கென்று கிளம்பிவிட்டால், ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி அப்போதிருந்தே நாம் வெளிநாட்டுவாசி, சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக, அதாவது வெளிநாட்டுவாசி இந்தியாவில் வரும் வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்காக, மாற்றியாக வேண்டும். நான் இத்தனை வருடமாக என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், 182 நாள் வெளியே இருந்தால்தான் என்.ஆர்.ஐ., அதுவும் வருடா வருடம் எண்ண வேண்டும் என்று. அது வருமான வரிக்காரர்கள் போடுகிற கணக்கு, அவர்கள் எண்ணுவதும் வெளியே இருந்த நாளை அல்ல, இந்தியாவில் இருந்த நாளை: 182-ஐத் தொட்டால் இந்தியவாசி. அதிலும் இந்தியாவில் வருகிற வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் 182 என்பது 120 ஆகிவிடும் (எனக்கு அந்தக் கவலை இல்லை, இரண்டு மா நிலத்துக் குத்தகையில் என்ன வந்துவிடப் போகிறது). துபாய்க்காரன் எண்ணுவது இன்னொரு விதம்: ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் ரெசிடென்ஸ் விசா போச்சு. ஆக ஒரே ஆளை மூன்று பேர் மூன்று விதமாக எண்ணுகிறார்கள், ஒருத்தர் போடுகிற கணக்கை இன்னொருத்தரிடம் போய்ச் சொல்லிப் பயனில்லை.

மாற்றுவதற்குப் பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் ஐடி, வெளிநாட்டு முகவரிச் சான்று கேட்டார்கள். நான் இருப்பது கம்பெனி கொடுத்த ரூமில், வாடகை ஒப்பந்தம் கம்பெனி பேரில். அதைச் சொன்னால், "அப்ப கம்பெனி லெட்டர் வாங்கிட்டு வாங்க சார்" என்றார்கள். ஹெச்.ஆருக்கு மெயில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பல் விளக்கப் போனவன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் படிந்த பாசி. அம்மா பிளீச்சிங் பவுடர் வாங்கி வா என்று முதல் நாளே சொல்லியிருந்தார், அது வேறு விஷயம். வலது மணிக்கட்டு முள்கரண்டி மாதிரி வளைந்து நின்றது. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள்.

இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த தம்பி முதலில் கேட்டது, "அண்ணே, முதலமைச்சர் காப்பீடு இருக்கா?" அது குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, எனக்குக் கிடையாது. பெருமையாகக் கம்பெனி கார்டை எடுத்து நீட்டினேன். துபாயில் ஊழியனுக்கு முதலாளி காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், 2013-இல் வந்த சட்டம். (ஷார்ஜாவில் இருக்கும் என் மச்சானுக்கு 2025 ஜனவரியில்தான் அது கட்டாயம் ஆனது, அதுவரை நான் அவனிடம் கொஞ்சம் அலட்டிக்கொண்டதும் உண்டு.) தம்பி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல இந்தியா நெட்வொர்க் ஒண்ணும் போடலையேண்ணே" என்றான்.

ஒற்றைக் கையால் துபாய் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டுச் சொன்னார்கள்: வெளிநாட்டில் அவசர சிகிச்சைக்கு மட்டும் உண்டு, காசை நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் எங்கள் ஊரில் அந்தச் சிகிச்சைக்கு என்ன ரேட்டோ அது வரைக்கும்தான். என் சொந்த ஊர் அவர்கள் பாலிசியில் 'வெளிநாடு'. பதினொரு வருடமாகப் பையில் இருக்கிற அந்தப் பாலிசிப் புத்தகத்தை நான் ஒரு நாளும் பிரித்ததில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான்கு வருடத்துக்கு முன்பு வரை என் மனைவி, பையனோடு சேர்த்து எனக்கும் இங்கே ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர், அதாவது குடும்பத்துக்கே சேர்த்து ஒரே மருத்துவக் காப்பீடு, இருந்தது. அங்கேதான் கம்பெனி பார்த்துக்கொள்கிறதே, இங்கே எதற்கு எனக்கும் சேர்த்துக் கட்டுவது என்று நானேதான் என் பெயரை எடுக்கச் சொன்னேன். வருடத்துக்கு ஆறாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தேன். ஆபரேஷன், ரூம், மருந்து எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பில்லை மடித்து ஃபைலில் வைத்த விதமே போதும்.

பக்கத்துக் கட்டிலில் ஒருவர், பாபநாசம் பக்கம், குவைத்தில் டிரைவர். லாரியிலிருந்து குதித்துக் கால் போய்விட்டது, லீவில் வந்து மறுபடி ஆபரேஷன். அவர் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டிய வகை. அந்த வகைப் பாஸ்போர்ட்டில் குவைத் மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்கிற காப்பீடு எடுத்தே ஆக வேண்டும்: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375, விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். "உங்ககிட்ட அந்தப் பேப்பர் இருக்கணுமேண்ணே" என்றேன். "ஏஜென்ட் ஒரு கட்டுப் பேப்பர்ல கையெழுத்து வாங்குனான் தம்பி, அதுல எது என்னன்னு யாருக்குத் தெரியும்" என்றார். அவர் மகளை வீட்டில் பெட்டியில் தேடச் சொன்னோம். நான் டிஸ்சார்ஜ் ஆகும்வரை கிடைக்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எக்செல்லிலேயே குடும்பம் நடத்துகிற எனக்கே என் பாலிசி தெரியாமல் இருந்தது.

கம்பெனி லெட்டர் வந்ததும் கையில் மாவுக்கட்டோடு மறுபடி பேங்குக்குப் போனேன். அதே அம்மா, பாரம் எல்லாம் தானே நிரப்பிக் கொடுத்துவிட்டு, "இங்க ஒரு கையெழுத்து" என்று கட்டைப் பார்த்ததும் நிறுத்தினார். இடது கையால் போட்டால் பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகாது. "கட்டு பிரிச்சப்புறம் வாங்களேன் சார்." கட்டு பிரிக்க ஆறு வாரம், எனக்கு லீவு பாக்கி பத்து நாள். மேனேஜரும் அதையேதான் சொன்னார். கடைசியில் மூலை மேஜையில் இருந்த, ரிடையர் ஆகப்போகிற ஒருவர் எழுந்து வந்து, "கையெழுத்துப் போட முடியாத கஸ்டமருக்குக் கைநாட்டு வாங்கலாம்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கே, ரெண்டு சாட்சி, அதுல ஒருத்தர் பேங்க் ஆளு" என்றார். அவரே ஒரு சாட்சி, என் சித்தப்பா இன்னொரு சாட்சி. நல்லவேளை, ஆண்களுக்கு இடது பெருவிரல்தான் வழக்கம். ஊதா மை டப்பாவில் விரலை உருட்டி, பாரத்தில் மூன்று இடத்தில் வைத்தார்கள். எங்கள் தாத்தாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கைநாட்டு வைத்தவன் நான்தான். சித்தப்பா அதை போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார்.

என்.ஆர்.ஓ. ஆனதும் வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள், வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதனால் துபாயிலிருந்து அனுப்பும் சம்பளத்துக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு திறந்தேன், அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. இதைப் பத்து வருடம் முன்பே செய்திருக்க வேண்டும், போகட்டும்.

அப்புறம் பழைய ஏஜென்ட்டைக் கூப்பிட்டு என்னையும் பாலிசியில் சேர்க்கச் சொன்னேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் முன்பு கட்டிய 18 சதவீதம் மிச்சம். ஆனால் இடையில் எனக்குச் சுகர் வந்துவிட்டது. அது சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். விபத்துக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு என்று ஏஜென்ட் சொன்னபோது என் மனைவி கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வேலை வெளிநாட்டில் என்பதை பாரத்தில் மறைக்காமல் எழுதச் சொன்னேன். இந்தியாவில் நடக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான் இது செல்லும், ஆனால் எனக்கு ஓட்டை இருந்ததே அந்த முப்பது நாளில்தானே.

துபாய்க்குத் திரும்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில், கையில் வைத்த பிளேட்டின் இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் எல்லாம் அங்கத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினேன். இந்தியாவுக்குள் வந்ததற்கான முத்திரை விழுந்த பாஸ்போர்ட் பக்கத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். மெடிக்கல் ஷாப் பில் ஒன்றில் சீல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், மச்சினன் தஞ்சாவூர் போய் சீல் வாங்கி ஸ்கேன் செய்து அனுப்பினான். நேற்று வந்த மெயிலில் புதிதாக ஒரு பாரம், கடைசிப் பக்கத்தில் கையெழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. கட்டுப் பிரித்த கை இன்னும் சரியாகத் திரும்பவில்லை. ரூமில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் என் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.