செயற்கைப் புல் விரித்தால் தண்ணீர் தேங்காது என்ற பேச்சை நம்பி 78,000 ரூபாய் போயிற்று: கரிசல் மண்ணில் குடியிருப்பவர்கள் கவனிக்கவும்

திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணில் வீடு கட்டியிருப்பவர்களிடம், மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் தேங்குவதைச் செயற்கைப் புல் விரித்தே சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படிச் சொன்ன ஒரு கடைக்கு 78,000 ரூபாய் கொடுத்துவிட்டு, இந்த ஐப்பசி மழையில் முன்பைவிட மோசமான நிலையில் இருக்கிறோம். புகார் கொடுக்கவிருப்பதால் யாருடைய பெயரையும் எழுதவில்லை. மொட்டை மாடிகளுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் செயற்கைப் புல் விரித்துக் கொடுக்கும் கடை அது. வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியின் வழியாக வந்தார்கள்.

கரிசலின் குணம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்; முதல் மழையை அந்த வெடிப்புகள் வழியே குடித்துவிடும்; பிறகு களிமண் ஊறி உப்பி வெடிப்புகள் மூடிக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் சில மில்லிமீட்டர் தண்ணீர் இறங்குவதே பெரிது. போதாக்குறைக்கு, எங்கள் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. அந்தச் சேற்றில் அம்மா வழுக்கி விழுந்த பிறகுதான் ஆள் தேடினோம்.

அளவெடுக்க வந்தவர் மாதிரிப் புல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அம்மாவைக் கூப்பிட்டு அருகில் நிற்கவைத்து, அந்தத் துண்டை ஒரு வாளியின் மேல் பிடித்து, செம்புத் தண்ணீரை அதில் ஊற்றச் சொன்னார். ஊற்றிய தண்ணீர் முழுவதும் அடியில் உள்ள துளைகள் வழியே வாளிக்குள் இறங்கியது. "பார்த்தீங்களாம்மா, ஒரு சொட்டு நிக்குதா? இனிமே நீங்க வெறுங்காலோட நடக்கலாம்" என்றார். அம்மாவின் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்த பிறகும் நான் கேட்டேன்: புல்லுக்குள் இறங்கும் தண்ணீர் அதன் பிறகு எங்கே போகும், கீழே இருப்பது கரிசல் ஆயிற்றே என்று. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அரையடி மண்ணை வெட்டியெடுத்து, வடிகட்டும் துணி விரித்து, துளையிட்ட குழாய் பதித்து, அதன் மேல் முக்கால் இஞ்ச் ஜல்லி பரப்பி, குழாயைத் தெரு வாறுகாலில், அதாவது சாக்கடைக் கால்வாயில், விட்டுவிடுவோம் என்றார். வாறுகாலின் அடி எங்கள் வாசலைவிடத் தாழ்வாக இருப்பதையும் அவரே அளந்து காட்டினார். எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 130 ரூபாய், 600 சதுர அடிக்கு 78,000 ரூபாய் என்று முடிவாயிற்று. சொன்ன முறை சரியான முறைதான்; கரிசலில் தண்ணீர் வடிய வேறு வழியும் இல்லை. அதனால்தான் நம்பினோம்.

நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அடித்தள வேலையை முடித்துவிட்டார்கள். மாலையில் வந்து பார்த்தபோது பச்சைப் பசேலென்று புல் விரிந்திருந்தது. மதில் சுவரின் அடியில், வாறுகாலின் பக்கம், வெள்ளைக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பணத்தையும் அன்றே கொடுத்தோம்.

முதல் பெருமழையில் புல் தரையை விட்டு எழும்பி மிதந்தது. இரண்டு விரிப்புகளை ஒட்டிய இணைப்பு பிரிந்து, அதன் வழியே செம்மண் குழம்பு பொங்கி வந்தது. அந்த வெள்ளைக் குழாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வரவில்லை. மழை விட்டதும் ஓரத்தைத் தூக்கித் தோண்டிப் பார்த்தோம். ஜல்லி இல்லை, துணி இல்லை. கரிசலை வெட்டாமல் அதன் மேலேயே கிராவல் மண்ணைக் கொட்டி, கிரஷர் தூளைத் தூவி, இறுக்கி இடித்திருந்தார்கள். அப்படி இடித்த தரை சிமெண்டுத் தொட்டியைப் போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். குழாயைப் பிடித்து இழுத்தபோது அது கையோடு வந்தது. முழங்கை நீளத் துண்டு ஒன்றைச் சுவரில் செருகிப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். கவனக்குறைவால் இப்படி நடக்காது. பார்ப்பவர் கண்ணுக்காகவே வைத்த குழாய் அது.

தொலைபேசியில் அழைத்தபோது, ஊரெல்லாம் மழை, எல்லார் வீட்டிலும் தண்ணீர் நிற்கிறது என்றார்கள். அடுத்து, மண் செட்டாக வேண்டும், ஒரு மழைக்காலம் போகட்டும் என்றார்கள். அளவெடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். முதலாளி ஊரில் இல்லையாம். நேரில் போய்ப் படங்களைக் காட்டியபோது கல்லாவில் இருந்தவர், "புல்லு கிழிஞ்சிருக்கா? கலர் போயிருக்கா? எங்க வாரண்டி புல்லுக்குத்தான் சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். செயலியிலோ, தாங்கள் இரு தரப்பையும் இணைத்துவைப்பதோடு சரி என்ற பதிலும், அதைத் தொடர்ந்து உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது என்ற செய்தியும் வந்தன. 78,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. புல்லுக்கு அடியில் தேங்கிய தண்ணீர் நாறுகிறது, கொசு மொய்க்கிறது, அம்மா வாசலில் இறங்குவதையே நிறுத்திவிட்டார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். ஓரடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி, மறுநாளும் தண்ணீர் நின்றால், வடிகுழாய் இல்லாமல் எந்தப் புல்லும் அந்த இடத்தில் வேலைக்கு ஆகாது. குழி வெட்டும்போதும் ஜல்லி கொட்டும்போதும் வீட்டில் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். அந்த ஜல்லியில் தூள் கலந்திருக்கக் கூடாது. புல்லை விரிக்கும் முன் குழாயின் மேல் முனையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, வாறுகாலில் வந்து விழுகிறதா என்று பாருங்கள். விழுந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். குழாய், ஜல்லி, துணி ஆகிய மூன்றும் பில்லில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது; புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். எங்கள் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. பிடுங்கியெடுத்த அந்தக் குழாய்த் துண்டையும் அதனோடு கொண்டுபோகப் போகிறோம்.