பூட்டிக் கிடக்கும் மலைவீடும் கரடியும்: சென்னையிலிருந்து பராமரிப்பவரின் நீண்டகால அனுபவம்

நாங்கள் வசிப்பது அடையாறில். மாமனார் கட்டிய சிறிய வீடு ஒன்று கோத்தகிரியில், லாங்வுட் சோலைக்கு அருகே ஒரு தேயிலைச் சரிவில் இருக்கிறது. கோடை விடுமுறையும் சில பண்டிகை நாள்களும் போக, ஆண்டின் பெரும்பகுதி அது பூட்டியே கிடக்கும். 2018-இல் ஒரு கரடி சமையலறை ஜன்னலைப் பெயர்த்து உள்ளே வந்துபோனது. அதன்பிறகு நாங்கள் வாங்கியவை, பொருத்தியவை, பயனில்லை என்று கைவிட்டவை ஆகியவற்றை, மலையில் வீட்டை வைத்துக்கொண்டு சென்னையில் வாழ்பவர்களுக்காக இங்கே பகிர்கிறேன்.

அன்று கரடி எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்பதே எங்களுக்குப் பெரிய பாடமாக அமைந்தது. நல்லெண்ணெய் டின் பல் பதிந்த ஓட்டைகளோடு கூடத்தில் கிடந்தது. வெல்லம் வைத்திருந்த பாத்திரம் காலியாகியிருந்தது. பூஜை அறையில் குத்துவிளக்கு சாய்ந்து, அதன் அகல் துடைத்து வைத்ததுபோல் பளபளத்தது. அரிசி மூட்டையோ அப்படியே இருந்தது. நீலகிரியில் நடமாடும் தேன் கரடிக்குக் கறையானும் எறும்பும் தேனும் பழங்களுமே முக்கிய உணவு. மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் இல்லாததால், அந்த இடைவெளி வழியாகவே அது கறையானை உறிஞ்சி எடுக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் புற்றையே மோப்பத்தால் கண்டுபிடிக்கும் விலங்குக்கு, மூடி போட்ட எண்ணெய் டின் ஒளித்துவைத்த பொருளே அல்ல. எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அப்போதே சொன்னார்: "வீட்டுக்காக அது வர்றதில்லைங்கம்மா, வாசனைக்காக வருது. வாசனைய எடுத்துட்டா தன் வழியே போயிடும்."

அவர் பேச்சை விட்டுவிட்டு, பணம் செலவாகும் வழிகளைத்தான் நாங்கள் முதலில் முயன்றோம். ரிச்சி தெருவில் வாங்கிய, ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் சூரிய ஒளி விளக்குகள் அடையாற்று மொட்டைமாடியில் சோதித்தபோது விடியும்வரை எரிந்தன. கோத்தகிரியில் பருவமழைக் காலத்து மூடுபனியில் போதிய வெயில் கிடைக்காமல் நள்ளிரவுக்கு முன்பே அணைந்துபோயின. மின்இணைப்பு விளக்குகளாக மாற்றிய பிறகு முதல் சில வாரங்கள் கரடி ஒதுங்கியே சென்றது. பின்னர் வெளிச்சத்துக்குப் பழகி, அதன் கீழேயே நிதானமாக நடப்பதை அடையாற்றிலிருந்தபடியே கேமராவில் பார்த்தோம். ஆயினும் விளக்குகளை நான் கழற்றச் சொல்லவில்லை, ஏனெனில் அவை கரடியை விரட்டாவிட்டாலும், இருட்டில் வெளியே வரும் மனிதருக்குக் கரடி நிற்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. நீலகிரியில் பலர் காயப்படுவது எதிர்பாராத நேருக்குநேர் சந்திப்பில்தான். பினாயில், பாச்சை உருண்டை, மிளகாய்த் தூள் மூன்றும் எங்களுக்குப் பலனளிக்கவில்லை. ஒரு மழை பெய்தால் எதுவும் மிஞ்சுவதில்லை.

கதவு, ஜன்னல்களுக்குச் செய்த செலவு வீண்போகவில்லை. வண்டலூர் உயிரியல் பூங்காவில் தேன் கரடியின் முன்னங்கால்களை அருகில் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும்: வெளிறிய, வளைந்த, விரல் நீள நகங்கள். ஓர் இடுக்கு கிடைத்தால் போதும், அந்த நகங்களை அதில் கொடுத்துப் பலகையை இழுத்துவிடும். எனவே தடித்த கதவைவிட இடுக்கில்லாத கதவே முக்கியம் என்பது என் கருத்து. சமையலறைக் கதவின் வெளிப்புறத்தில் இரும்புத் தகடு அடித்து, கீல்களை உள்பக்கமாக மாற்றி, ஜன்னல் கம்பிகளைச் சட்டத்தில் திருகாமல் சுவரிலேயே பதித்தோம். அதற்குப் பிறகு கீறல்கள் விழுந்திருக்கின்றன, எதுவும் பெயரவில்லை.

சூரிய மின்வேலி அமைக்கும்படி பலர் வற்புறுத்தினார்கள். தமிழ்நாட்டில் 2023-இல் வந்த விதிகளின்படி வனப்பகுதியை ஒட்டி மின்வேலி அமைப்பதற்கு வனத்துறையின் அனுமதியும் பதிவும் தேவை. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவது குற்றம், மனித உயிருக்கும் ஆபத்து. முறையான வேலியாக இருந்தாலும் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்னதிர்ச்சியின் வேகம் குறைந்துவிடும் என்பதால், யாரும் குடியிருக்காத வீட்டுக்கு அது ஏற்றதல்ல என்று முடிவு செய்தோம்.

உண்மையான மாற்றம், நாங்கள் ஊருக்குக் கிளம்பும் நாளில் கடைப்பிடிக்கும் ஒழுங்கினால் வந்தது. எண்ணெய், நெய், வெல்லம், தேன், ஊறுகாய், பிஸ்கட் எதுவும் வீட்டில் தங்குவதில்லை. பெரியவர் வீட்டுக்கோ எங்களோடு சென்னைக்கோ போய்விடும். விளக்குகளைச் சீயக்காய் போட்டுத் துலக்கி, சமையல் மேடையையும் அடுப்படிச் சுவரையும் சோப்பு நீரால் கழுவுகிறோம். தங்கும் நாள்களில் சேரும் எச்சில் குப்பையைப் பாரிமுனையில் வாங்கிய, இரும்பு வளையம் போட்டுப் பூட்டும் டிரம்மில் அடைத்து, குப்பை வண்டி வரும் காலையில் மட்டும் வெளியே வைக்கிறோம். இதைத் தொடங்கியபின் கேமராவில் கரடி தெரியும் இரவுகள் வெகுவாகக் குறைந்தன. வந்தாலும் முற்றத்தில் நிற்காமல் கடந்து செல்கிறது.

தோட்டத்தில் கொய்யாவும் பேரியும் பழுக்கும் பருவம்தான் இன்னும் கவலை தருகிறது. மரங்களை வெட்ட மனமில்லை. காய் முற்றியதுமே பறித்து, உதிர்ந்தவற்றைத் தினமும் பொறுக்கச் சொல்லியிருக்கிறோம். சுவரை ஒட்டி மண்டியிருந்த உண்ணிச்செடிப் புதரையும் அகற்றிவிட்டோம், ஏனெனில் பகலில் கரடி படுத்துக்கொள்ள அது வசதியான மறைவிடம்.

நீண்ட நாள் கழித்து வீட்டைத் திறக்கும்போது, வாசலிலிருந்தே உரக்கப் பேசிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போது மட்டுமே உள்ளே நுழைகிறோம். கதவோ ஜன்னலோ உடைந்திருந்தால் யாரும் உள்ளே போகக்கூடாது. உள்ளே கரடி இருந்தால் அது வெளியேறும் வழியை அடைக்காமல் தள்ளி நின்று வனத்துறையை அழைக்க வேண்டும். பட்டாசு கொளுத்துவதை அறவே தவிர்க்க வேண்டும்: மிரண்ட கரடி எந்தப் பக்கம் பாயும் என்று சொல்லவே முடியாது, குட்டியோடு இருக்கும் தாய்க்கரடி ஆளை நோக்கியே வரும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்பதால், கூண்டு வைப்பதும் பிடிப்பதும் வனத்துறையின் வேலை மட்டுமே.