பங்கைக் கொடுப்பதா, வேலையை மட்டும் கொடுப்பதா: சிறிய பைக் கம்பெனிகளின் பெரிய சம்பந்தங்கள்

இத்தாலியின் பைக் கம்பெனியான எம்வி அகுஸ்டாவை ஐந்தே ஆண்டு இடைவெளியில் இரண்டு பெரிய கம்பெனிகள் தலா ஒரு யூரோவுக்கு விட்டுவிட்டுப் போயின. மலேசியாவின் கார் கம்பெனியான புரோட்டான் 2004-ல் சுமார் 7 கோடி யூரோ கொடுத்துப் பெரும்பங்கை வாங்கியது. அடுத்த ஆண்டே கடனையும் சேர்த்து இன்னொருவர் தலையில் கட்டி, ஒரு யூரோ வாங்கிக்கொண்டு நகர்ந்தது. 2008-ல் ஹார்லி டேவிட்சன் வந்தது. ஏறக்குறைய அதே தொகைதான். 2010-ல் பழைய முதலாளியிடமே ஒரு யூரோவுக்குத் திருப்பிக் கொடுத்தது. போகும்போது செலவுக்கென்று 2 கோடி யூரோவையும் வைத்துவிட்டுப் போனது. பெண்ணைத் திருப்பி அனுப்பிச் சீரும் கொடுத்த மாதிரி.

சிறிய கம்பெனி பெரிய கம்பெனியைத் தேடிப் போவதன் காரணம் ஒன்றும் ரகசியமில்லை. ஒரு புது இன்ஜினுக்கு வார்ப்பு அச்சு செய்ய வேண்டும், புகை விதிக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும், எலெக்ட்ரானிக்ஸைப் பொருத்தமாக அமைக்க வேண்டும். ஆயிரம் வண்டி விற்றாலும் லட்சம் வண்டி விற்றாலும் இந்தச் செலவு பெரிதாக மாறாது. ஐரோப்பாவில் யூரோ 5 என்ற புகை விதி வந்த பிறகு சுமை இன்னும் கூடியது. ஆகவே கூட்டு தவிர்க்க முடியாதது. எந்த மாதிரிக் கூட்டு என்பதில்தான் கம்பெனிகளின் தலையெழுத்து பிரிகிறது.

இதை ஒப்பிட்டுப் பார்க்க பஜாஜ் ஆட்டோவை விட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரே பெரிய கம்பெனி, புனே அருகே அதன் தொழிற்சாலை உள்ள ஒரே சாக்கன். ஆனால் இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகளுடன் நேரெதிரான இரண்டு ஒப்பந்தங்கள்.

முதலாவது ஆஸ்திரியாவின் கேடிஎம். 1991-ல் ஒருமுறை திவாலாகி எழுந்த கம்பெனி அது. 2007-ல் பஜாஜ் அதில் 14.5 சதவீதப் பங்கு வாங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஏறக்குறையப் பாதிக்குக் கொண்டுபோனது. 2011-ல் சாக்கனில் செய்த 125 டியூக் ஐரோப்பாவுக்குப் போனது, 2012-ல் 200, 2013-ல் 390. வண்டியின் புத்தி கேடிஎம்மின் ஊரான மட்டிகோஃபனில், உடம்பு சாக்கனில். 2023 தொடக்கத்தில் சாக்கனில் இருந்து 10 லட்சமாவது கேடிஎம் வெளிவந்தது. மண்ணில் ஓடும் பந்தய வண்டிகளுக்குப் பேர் போன ஒரு கம்பெனி, தன் சொந்த ஊரில் இருந்தபடி இந்த எண்ணிக்கையைக் கனவில்கூடப் பார்த்திருக்க முடியாது. இதில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொரு விஷயம். 390 டியூக்கின் 373 சிசி இன்ஜினைக் கொஞ்சம் மாற்றி, 2016 டிசம்பரில் பஜாஜ் தன் சொந்த டோமினார் 400-ல் வைத்தது. அதாவது கேடிஎம்மின் சரக்கு பஜாஜின் அன்றாட வியாபாரத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

இரண்டாவது இங்கிலாந்தின் டிரையம்ஃப். 2017 ஆகஸ்டில் அறிவித்தார்கள், 2020 ஜனவரியில் கையெழுத்து, 2023 ஜூலையில்தான் ஸ்பீட் 400 இந்தியச் சந்தைக்கு வந்தது. பங்கு எதுவும் கைமாறவில்லை. வடிவமைப்பு டிரையம்ஃபுடையது, செய்வது பஜாஜ், இந்தியாவில் விற்பதும் பஜாஜ். கேடிஎம் நான்கு ஆண்டில் எட்டியதை இவர்கள் ஆறு ஆண்டில் எட்டினார்கள். நடுவில் கொரோனா வந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும், சரி. இருந்தாலும் பங்கு இல்லாத உறவில் அவசரப்படுத்த ஆளில்லை என்பதும் உண்மைதான். ஆனால் வண்டி வந்த வேகத்தில், அதுவரை ஆண்டுக்கு லட்சம் வண்டியைத் தொடாத டிரையம்ஃப் அந்தக் கோட்டைத் தாண்டியது. பெரிய வண்டிகளைச் செய்யத் தாய்லாந்தில் அதற்குச் சொந்தத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. நாளைக்கே சாக்கனோடு மனஸ்தாபம் வந்தாலும் கம்பெனி மூழ்கிப் போய்விடாது.

அப்படியானால் டிரையம்ஃப் வழிதானே மேல்? 2024 நவம்பருக்கு முன் கேட்டிருந்தால் நானும் யோசிக்காமல் ஆமாம் என்றிருப்பேன். அந்த மாதம்தான் விற்காத வண்டிகள் மலையாகத் தேங்கி, கேடிஎம் கடன் தீர்க்க வழியில்லை என்று நீதிமன்றப் படியேறியது. கடன் கொடுத்தவர்கள் தங்களுக்கு வர வேண்டியதில் 30 சதவீதம் மட்டும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்கள். அந்தப் பணத்தை யார் போடுவது? பஜாஜ் மொத்தமாக 80 கோடி யூரோவுக்கு ஏற்பாடு செய்தது. வெறும் குத்தகைக்கு வண்டி செய்துகொடுத்த கம்பெனியாக இருந்திருந்தால் அப்படி ஓடி வந்திருக்குமா? பெரிய பங்கு முடங்கிக் கிடக்கிறது, சாக்கனில் வரிசையாக வண்டி வந்துகொண்டிருக்கிறது, விட்டுவிட முடியாது. ஆனால் விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் கம்பெனியின் கட்டுப்பாடு பஜாஜ் கைக்குப் போனது. கூட்டாளியாக வந்தவர் முதலாளியானார். கையில் சொந்தப் பணமும் பொறுமையும் உள்ளவருக்கு டிரையம்ஃப் வழி, கடன் வாங்கி வேகமாக வளர நினைப்பவருக்கு கேடிஎம் வழி என்றுதான் பிரிப்பேன்.

மிகச் சிறிய கம்பெனிக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. ரிமினி நகரத்து பிமோட்டாவைப் பாருங்கள். பியாங்கி, மோரி, தம்புரினி என்ற மூவரின் பெயர்களில் இருந்து ஈரெழுத்து எடுத்து வைத்த பெயர். ஆரம்பத்தில் காற்றோட்டக் குழாய் வேலை, 1973-ல் இருந்து பைக். அடுத்தவர் இன்ஜினுக்குத் தன் ஃபிரேமைப் போடுவதுதான் தொழிலே. மாடல் பெயரின் முதல் எழுத்தே இன்ஜின் யாருடையது என்று சொல்லிவிடும்: எச்பி என்றால் ஹோண்டா, கேபி என்றால் கவாசாகி. 1997-ல் ஆசைப்பட்டு விடூவே என்ற சொந்த இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினைச் செய்தார்கள். எரிபொருள் செலுத்தும் அமைப்பு சரியாக வேலை செய்யாமல் வண்டிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது, கம்பெனி திவாலானது. 2019-ல் கவாசாகி 49.9 சதவீதம் எடுத்தது. சூப்பர்சார்ஜர் வைத்த எச்2 இன்ஜின் டெசி என்ற பிமோட்டாவில் ஏறியது. 2025-ல் உலக சூப்பர்பைக் பந்தயத்தில் கவாசாகி அணியே பிமோட்டா பெயரில் கேபி998-ஐ இறக்கியது. பெரிய கம்பெனியே சிறியதின் பெயரைப் போட்டுக்கொண்டு களம் இறங்குவது நான் பார்த்தவரை அபூர்வம். வண்டி எண்ணிக்கை சொற்பம்தான், ஆனால் பிமோட்டா தனக்குத் தெரிந்த வேலையை மட்டும் செய்கிறது.

இதற்கு எதிர்முனையில் அமெரிக்காவின் எரிக் பியூயல் ரேசிங். 2009-ல் ஹார்லி தன் பியூயல் பிரிவை மூடியதும் எரிக் பியூயல் தனியாகத் தொடங்கிய கம்பெனி. ஹீரோ மோட்டோகார்ப் 2013-ல் 2.5 கோடி டாலருக்கு 49.2 சதவீதம் எடுத்தது. ஹோண்டாவைப் பிரிந்த ஹீரோவுக்குத் தொழில்நுட்பம் தேவை, பியூயலுக்குப் பணம் தேவை. காகிதத்தில் பொருத்தம் பத்துக்குப் பத்து. 2014-ல் எச்எக்ஸ்250ஆர் என்ற வண்டியைக் கண்காட்சியில் காட்டினார்கள், விற்பனைக்கு வரவே இல்லை. 2015 ஏப்ரலில் அமெரிக்கக் கம்பெனி கதவைச் சாத்தியது. 2020-ல் அதே ஹீரோ ஹார்லியோடு கைகோத்தது. ஹார்லி பெயரில் எக்ஸ்440 வந்தது, அதன் இன்ஜின் ஹீரோவின் சொந்த மேவ்ரிக்கிலும் ஏறியது. பியூயல் இதை எப்படிப் பார்த்திருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

முழுதாக விற்றுவிடுவதும் ஒரு வழி. 2020-ல் நார்ட்டனை டிவிஎஸ் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. திவாலில் கிடந்த கம்பெனி, பேரம் பேசக் கையில் எதுவும் இல்லை. 2005-ல் சீனாவின் சியான்ஜியாங் வாங்கிய பெனெல்லியின் கதை இன்னும் சுவையானது. சீனாவில் செய்த டிஆர்கே 502 சில ஆண்டுகள் இத்தாலியிலேயே அதிகம் விற்ற பைக்காக இருந்தது. இத்தாலியப் பெருமை பேசுபவர்கள் முகம் சுளித்துக்கொண்டே வாங்கினார்கள் போலிருக்கிறது.

கடைசியாக எம்வியிடம் திரும்பலாம். 2022-ல் கேடிஎம் 25.1 சதவீதத்தோடு நுழைந்து, பிறகு பாதிக்கு மேல் போய், தன் வீடே எரிந்தபோது 2025 தொடக்கத்தில் தனக்கு முன் எம்வியை வைத்திருந்த சர்தாரோவ் குடும்பத்திடமே திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. டோமினாரில் கேடிஎம் இன்ஜின் ஓடுகிறது, டிவிஎஸ்ஸின் அப்பாச்சி 310-ல் பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து செய்த இன்ஜின் ஓடுகிறது. புரோட்டான், ஹார்லி, கேடிஎம் மூவரும் மாறி மாறி வைத்திருந்த எம்வியின் இன்ஜின், அந்த மூவரில் ஒருவருடைய சொந்தப் பெயர் தாங்கிய வண்டியிலும் ஏறியதே இல்லை.