ஆர்க்டிக் விஆர் ஷோ: வால்ரஸ் சீன் செம, அந்த தந்த மேட்டர் மட்டும் சொதப்பல்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு மால்ல ஆர்க்டிக் கடலுக்குள்ள கூட்டிட்டு போறோம்னு ஒரு விஆர் ஷோ (கண்ண மூடுற ஹெட்செட் மாட்டிக்கிட்டு உள்ளயே இருக்கற மாதிரி பார்க்கறது) ஓடுது, தலைக்கு 350 ரூபா. பேரு போடல, ஏன்னா கொஞ்சம் திட்டவும் போறேன்.

பனிக்கரடி, திமிங்கலம் எல்லாம் எப்பவும் வர்றதுதான். குடுத்த காசு செரிச்சது வால்ரஸ் சீன்லதான், அதான் சீல் மாதிரி உடம்பும் நீட்டு தந்தமும் வச்ச பெரிய கடல் பிராணி. நாமளே வால்ரஸா மாறி அடிக்கு இறங்குறோம், போகப்போக வெளிச்சம் செத்து கும்மிருட்டு ஆயிடுது, ஸ்க்ரீன் போயிடுச்சும்மான்னு என் பொண்ணு கத்தவே ஆரம்பிச்சுட்டா, அப்பதான் மூஞ்சி முன்னாடி மீசை முடி ஒவ்வொண்ணா மினுங்குது, மீசை எதுல படுதோ அது மட்டும் தெரியுது. இத யோசிச்ச ஆளுக்கு ஒரு சல்யூட். நிஜமாவே வால்ரஸுக்கு 400லேர்ந்து 700 வரைக்கும் மீசை முடி இருக்கு, கலங்குன தரைல கண்ண நம்பி புண்ணியமில்ல, மீசையால தடவித்தான் மட்டி (சிப்பி மாதிரி ஓட்டுக்குள்ள இருக்கறது) எங்க புதைஞ்சிருக்குன்னு பிடிக்குது. அப்புறம் வாயால தண்ணிய பீச்சியும் துடுப்பால விசிறியும் மணல கிளப்பும். கிரீன்லாந்துல தண்ணிக்கடியில படம் எடுத்து பார்த்தப்போ பெரும்பாலும் வலது துடுப்பத்தான் வீசுச்சாம். ஷோலயும் வலது கை கன்ட்ரோலர் மட்டும்தான் வேலை செய்யுது, அது தெரிஞ்சு வச்சாங்களா இல்ல இடது ரிப்பேரான்னு அவங்களுக்கே வெளிச்சம்.

மட்டி கிடைச்சா ஓட்ட கடிச்சு உடைக்காது. உதட்ட ஒட்டி வச்சு நாக்க விருட்டுனு பின்னாடி இழுக்கும், நாம முருங்கைக்காய உறிஞ்சுற மாதிரி சதை மட்டும் உள்ள வந்துடும், ஓடு அங்கயே கிடக்கும். ஹெட்போன்ல அந்த சர்ர்ருனு வர்ற சத்தம் இருக்கே, அப்பப்பா.

இவ்ளோ பண்ணிட்டு கடைசில தந்தத்தால மண்ண தோண்ட வச்சுட்டாங்க! தந்தம் பனிக்கட்டில குத்தி மேல ஏறவும், தங்களுக்குள்ள கெத்து காட்டவும், சண்டைக்கும்தான், சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கவுண்டர்ல இருந்த கிருஷ்ணகிரி தம்பிகிட்ட சொன்னேன். "அக்கா, தோண்டலன்னா அப்புறம் தந்தம் எதுக்குன்னு பசங்க கேப்பாங்கக்கா"ன்னுட்டான். கேக்கட்டுமே தம்பி, அதுக்குத்தானே கூட்டிட்டு வர்றோம்.

இன்னொண்ணு, நேரம். நிஜ வால்ரஸ் ஒரு தடவ முங்குனா சாதாரணமா 5, 7 நிமிஷம் அடியிலயே இருக்கும், ஒரு முங்குக்கு சராசரியா 50 மட்டிக்கு மேல திங்குதுன்னு அதே கிரீன்லாந்துல எண்ணி பார்த்திருக்காங்க. இங்க ஆறு மட்டி தின்னதுமே மேல தூக்கிடுறாங்க, பின்னாடி க்யூ நிக்குதாம்.

ஹெட்செட்ல முந்தின ஆளோட வேர்வை வாசம் அடிக்குது, கர்ச்சீப் கொண்டு போங்க. கண்ணாடி போட்டவங்களுக்கு அகலமான செட் ஒண்ணு உள்ள வச்சிருக்காங்க, கேட்டாதான் எடுத்து குடுப்பாங்க. 3.5/5.