எண்ணெய் பட்ட மண்ணுக்கு நுண்ணுயிர்ப் பொடி: வாங்கலாமா?

டீசலோ மசகு எண்ணெயோ ஊறிய மண்ணைத் தேற்ற என்று விற்கும் பொடிகளில் பெரும்பாலும் இரண்டு சரக்கு இருக்கும். ஒன்று, சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களை உலர்த்திக் கலந்த தூள். மற்றொன்று, நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்த உரம். உரத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பாக்டீரியாத் தூளுக்குப் பாதிகூடத் தர முடியாது.

எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்கள் ஏறத்தாழ எல்லா மண்ணிலும் உண்டு. எண்ணெய் பட்டதும் தாமே பெருகும். ஆனால் எண்ணெயில் கார்பன் மிகுதி, நைட்ரஜனோ மிகச் சொற்பம். அதனால் மண்ணில் நைட்ரஜன் அடங்கிய அமோனியத்தையும் நைட்ரேட்டையும் அந்த நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும். இன்னொரு பக்கம், அமோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் எண்ணெயைத் தாங்காமல் மடிகின்றன. மெதுவாகப் பெருகும் இனம் என்பதால் திரும்பிவர நாளாகும். 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டிய அலாஸ்கா கரையிலும் உரமிட்டு, அங்கிருந்த நுண்ணுயிர்களைத்தான் தூண்டினார்கள்.

சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று மட்டும் அட்டையில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். அளவை எண்ணெய்தான் தீர்மானிக்கிறது. கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:10:1 என்பது வழக்கமான கணக்கு. கிலோ மண்ணில் 10 கிராம் எண்ணெய் என்றால் கார்பன் சுமார் 8.5 கிராம்; அதற்கு நைட்ரஜன் 0.85 கிராம். டன் மண்ணுக்கு யூரியா ஏறக்குறைய 1.85 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 1.2 கிலோ வரும். மூன்று நான்கு தவணையாகப் பிரித்துப் போட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் உப்பு ஏறி நுண்ணுயிர் முடங்கும். காரமண்ணில் மேலாக விட்ட யூரியா அமோனியாவாகப் பறந்துவிடும்.

பல அட்டைகளில் காற்றைப் பற்றிப் பேச்சே இல்லை, பெருங்குறை இதுதான். ஒரு கிராம் எண்ணெய் முழுதாகச் சிதைய ஏறத்தாழ 3 முதல் 3.5 கிராம் ஆக்சிஜன் வேண்டும். வாரம் ஒருமுறை மண்ணைக் கிளறிவிடுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது. சேறானால் போட்ட நைட்ரேட்டும் வாயுவாகப் போய்விடும்.

வாங்குமுன் மூன்று வாளிகளில் அதே மண்ணை நிரப்புங்கள்: ஒன்றில் நீர் மட்டும், ஒன்றில் உரம், ஒன்றில் உரத்தோடு பொடி. மூன்றையும் ஒரே மாதிரி கிளறி, எட்டு வாரம் கழித்து எண்ணெய் அளவை ஆய்வகத்தில் பாருங்கள். வாடை போனதை வைத்து முடிவு கட்டாதீர்கள், லேசான பகுதி வெறுமனே ஆவியாகியிருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே அளவில் நின்றால், உரம் மட்டும் வாங்குங்கள்.