சமர்கண்டா, கோவாவா?

சதுரங்க உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் போட்டி கேண்டிடேட்ஸ். 2025-இல் அதற்குப் போக இரண்டு பெரிய வாசல்கள்: உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் கிராண்ட் ஸ்விஸ் (தோற்றாலும் எல்லாச் சுற்றும் ஆடலாம்), கோவாவில் உலகக் கோப்பை (தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட்). முன்னதில் 2 இடம், பின்னதில் 3.

வித்தியாசம் குகேஷின் கணக்கிலேயே தெரியும். சமர்கண்டில் 5, 6, 7 என மூன்று சுற்றுகளில் வரிசையாகத் தோற்றார். ஆனாலும் மறுநாள் மேசையில் உட்கார்ந்தார், 11 சுற்றும் ஆடினார். கோவாவில் மூன்றாம் சுற்றில் ஃபிரெட்ரிக் ஸ்வானேவிடம் ஒரே ஒரு ஆட்டம் போனது. அவ்வளவுதான், உலக சாம்பியன் பெட்டியைக் கட்டிவிட்டார்.

முதல் இடம் சமர்கண்டில் அனீஷ் கிரிக்கு (11 சுற்றில் 8 புள்ளி), கோவாவில் சிந்தாரோவுக்கு. பார்க்க விறுவிறுப்பு கோவாதான், சரி. ஆனால் யார் நிதானமாக ஆடுகிறார் என்று கேட்டால், ஸ்விஸ் முடிவைத்தான் நம்புவேன்.