வீட்டு வேலைக்கு முதல் ரவுட்டர்: மகிட்டா ஆர்டி0700சி

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் மரத்தைத் தொடுபவர், மரத்தில் பள்ளம் எடுக்கவும் விளிம்பு சீவவும் உதவும் ரவுட்டர் கேட்டுக் கடைக்குப் போனால், அரை அங்குலத் தண்டுள்ள பிட் (சுழன்று வெட்டும் அலகு) ஏற்கும் 1,800 வாட் இயந்திரத்தையும், மைக்கா விளிம்பு சீவ ஆசாரிகள் கையோடு வைத்திருக்கும் சிறிய ரவுட்டரான டிரிம்மரையும் அருகருகே வைத்துக் காட்டுவார்கள். இரண்டில் வீட்டுக்கு ஏற்றது டிரிம்மர்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. பலகையின் கூர்விளிம்பை மழுக்குவது, கீலுக்குப் பள்ளம் எடுப்பது, அலமாரியின் பின்பலகை அமரக் காடி வெட்டுவது ஆகியவற்றைத் தாண்டி நமக்கு வேலை வருவது அரிது. பெரிய இயந்திரத்தின் எடையை இரு கைகளாலும் அடக்கப் பழகுவதற்குள் நல்ல பலகைகள் சில வீணாகிவிடும்.

எட்டு மாதங்களாக நான் பயன்படுத்திவரும் மகிட்டா டிரிம்மரான ஆர்டி0700சி 710 வாட் திறனுடையது, எடை 1.8 கிலோ. இதை வாங்கியதற்குக் காரணம் இதற்கு முன்பு வைத்திருந்த மலிவான டிரிம்மர். அதில் பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட் 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம். என்னிடம் இருந்த பிட்டுகளின் தண்டு 6 மி.மீ. இரண்டும் ஒன்றுதான், நட்டை இறுக்கினால் பிடித்துக்கொள்ளும் என்று விற்றவர் சொன்னதை நம்பினேன். ஸ்பேனரால் இறுக்கியபோது பிடித்தது போலவே இருந்தது. தேக்குப் பலகையில் 4 மி.மீ. ஆழத்துக்குத் தொடங்கிய காடி, மறுமுனையில் அளந்தபோது 7 மி.மீ. இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிட் மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. முழுவதுமாகக் கழன்று தெறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைக்க விரும்பவில்லை. எந்த நிறுவனத்தின் ரவுட்டரானாலும் காலெட்டும் தண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். வாட் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆர்டி0700சி-க்கு 6, 6.35, 8 மி.மீ. காலெட்டுகள் இருப்பதால், கையில் உள்ள பிட்டுகளுக்கு ஏற்றதைப் போட்டுக்கொள்ள முடிகிறது. பிட்டை உள்ளே முழுவதும் செருகி, பிறகு இரண்டு மி.மீ. அளவு வெளியே இழுத்து இறுக்குவது நல்ல பழக்கம். பிட் இல்லாத காலெட்டை ஒருபோதும் இறுக்கக் கூடாது, அது நசுங்கிவிடும்.

இந்த இயந்திரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்று என்னைச் சொல்ல வைப்பது அதன் வேகக் கட்டுப்பாடு. போஷ் ஜிகேஎஃப் 550 நிமிடத்துக்கு 33,000 சுற்று என்ற ஒரே வேகத்திலும், மகிட்டா 3709 அதுபோலவே 30,000 சுற்றிலும் ஓடுகின்றன. ஆர்டி0700சி-யில் 10,000 முதல் 30,000 வரை திருகி மாற்றிக்கொள்ளலாம். 30,000 சுற்றில் 6 மி.மீ. பிட்டின் விளிம்பு நொடிக்கு ஒன்பது மீட்டர் சொச்சம் நகர்கிறது என்றால், 25 மி.மீ. பிட்டின் விளிம்பு 39 மீட்டர் நகர்கிறது. பிட் பெரிதாகும்போது வேகத்தைக் குறைக்க வேண்டியிருப்பது இதனால்தான். புதிதாகப் பழகும் கை தயங்கித் தயங்கி நகரும். மூலை திரும்பும் இடத்தில் ஒரு கணம் நின்றுவிடும். அங்கே தேக்கு கருகி, உப்புத்தாள் கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் எளிதில் போகாத பழுப்புக் கோடு விழும். வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் 2 மி.மீ. மட்டும் இறக்கி வெட்டத் தொடங்கிய பிறகு அந்தக் கோடு எனக்கு விழுவதில்லை.

ஆழம் வைப்பதும் எளிது. நெம்புகோலைத் தளர்த்தித் திருகைச் சுழற்றினால் மோட்டார் சீராக ஏறி இறங்குகிறது. வெட்டும் இடத்தைக் காட்ட விளக்கு இல்லை என்பது ஒரு குறை. அடித்தளம் சிறியது என்பதால், பலகையின் ஓரத்தில் ஓட்டும்போது பாதி அந்தரத்தில் நின்று சாயப் பார்க்கும். மரத்தின் மேல் இருக்கும் பக்கத்தையே அழுத்திப் பிடிக்க வேண்டும். பலகையின் நடுவே தொடங்கி நடுவே முடியும் காடிக்கு, ஓடும் பிட்டை மேலிருந்து நேராக மரத்துக்குள் இறக்க உதவும் பிளஞ்ச் அடித்தளம் தேவை. அதைத் தனியே வாங்கலாம், முதல் நாளே வேண்டியதில்லை.

மேலிருந்து பார்க்கையில், வெளிவிளிம்பில் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையிலும், உள்வெட்டில் கடிகாரத் திசையிலும் நகர்த்த வேண்டும். மாற்றி நகர்த்தினால் இயந்திரம் கையை மீறி ஓடும். கண்ணாடியும் காதடைப்பானும் முகமூடியும் இல்லாமல் தொடங்காதீர்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது.

இவ்வளவு செலவு முடியாது என்பவர் ஜிகேஎஃப் 550-ஐயோ 3709-ஐயோ தயங்காமல் வாங்கலாம். பெரிய பிட்டுகளை மட்டும் தவிர்க்க வேண்டும். மிச்சப்படும் பணத்தில் பதினைந்து பிட் கொண்ட மலிவுப் பெட்டியை வாங்காமல், கார்பைடு முனையுள்ள நல்ல பிட்டுகள் மூன்றை வாங்குங்கள்: 6 மி.மீ. நேர் பிட், கூர்விளிம்பை உருண்டையாக்கும், பேரிங் உள்ள ரவுண்டு ஓவர், விளிம்பைச் சமமாகச் சீவும், பேரிங் உள்ள டிரிம் பிட். கடையிலேயே அவற்றில் ஒன்றைக் காலெட்டில் செருகிப் பாருங்கள். நட்டை இறுக்கும் முன்பே பிட் லொடலொடவென்று ஆடினால், அந்தப் பிட்டை அந்த இயந்திரத்துக்கு வாங்காதீர்கள்.